குரங்குக் குட்டி யாருடையது?

அன்புள்ள அண்ணன் மகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பத்துமலைப் படிக்கட்டில் தேங்காய் மூடியைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்குக் குட்டி, மூச்சு வாங்க அதைத் துரத்தும் பூக்கடைப் பாட்டி. பாட்டியின் கோபம் அசல். எந்தக் கடைப் பாட்டி என்றுகூட எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். இதை அனிமேஷன் தொடராக்க வேண்டும், திங்கட்கிழமையே ஸ்டூடியோ முதலாளியிடம் காட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. காட்டுவதற்கு முன் அந்தக் குட்டி யாருக்குச் சொந்தமாகும் என்று பார்ப்போம். வாட்ஸ்அப்பில் சொல்லித் தீர்கிற விஷயமில்லை இது. சைபர்ஜெயா அனிமேஷன் ஸ்டூடியோக்களில் உன்னைப்போல் வேலை பார்க்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

உனக்குப் பிடித்த அனிமேஷன் இயக்குநர் நிசாம் ரசாக்கையே எடுத்துக்கொள்வோம். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே படித்த நண்பர்களோடு லெஸ் கோபாக் அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் இரட்டைச் சிறுவர் கதையான ‘உப்பின் இப்பின்’ 2007இல் நோன்பு மாதத்துக்கான சில குட்டி அத்தியாயங்களாகத்தான் டிவி9இல் தலைகாட்டியது. 2009இல் அந்த உலகத்தை வைத்தே ‘கெங்’ என்ற முழுநீளப் படத்தை நிசாம் இயக்கினார். அதே ஆண்டு சில நண்பர்களோடு வெளியேறி அனிமோன்ஸ்டா என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் வெளியேறினார், உப்பினும் இப்பினும் பழைய வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இதில் யாருக்கும் அநியாயம் நடந்ததாக நான் சொல்லவில்லை. தொழிலின் வழக்கமே அதுதான். போகிறவர் கையையும் தலையையும்தான் எடுத்துக்கொண்டு போகலாம்.

2011 மார்ச்சில் அனிமோன்ஸ்டாவின் ‘போபோய்பாய்’ தொடர் டிவி3இல் வந்தபோது, பாத்திரமும் புதிது, நிறுவனமும் சொந்தம். நம் வீட்டுப் பிள்ளைகள் அதில் வரும் இந்தியப் பையன் கோபாலைப் பார்த்துத் துள்ளிக் குதித்ததும் அப்போதுதான். அந்தப் பழைய நண்பர்களில் இன்னொருவரான உசாமா சைட் யாசினும் பிறகு வாவ் அனிமேஷன் நிறுவனத்தைத் தொடங்கினார். 2016இல் அதன் ‘ஏஜென்ட் அலி’ தொடர் வந்தது. ஒரே கூடத்தில் தொழில் பழகியவர்கள் தனித்தனியே கொடி நட்டார்கள். நட்ட இடம் சொந்த இடம் என்பதை மட்டும் நீ கவனி.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன், கொட்டாவி விடாதே. நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 26ஆவது பிரிவு. வேலையின் பகுதியாக ஊழியர் படைக்கும் எதுவும் முதலாளிக்கு உரியதாகிவிடுகிறது. வெளியாள் கேட்டு நீ வரைந்து கொடுத்தாலும் அப்படித்தான். உரிமை கேட்டவருக்குப் போகிறது. இரண்டுக்கும் ஒரே விலக்கு: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால், ஸ்டூடியோ கணினியில் ஸ்டூடியோ நேரத்தில் அந்தக் குரங்கின் வாலை நீ திருத்தினாலே வழக்கு வளர்க்க ஆள் கிடைத்துவிடும். வெறும் யோசனைக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. வரைந்த படத்துக்கும் எழுதிய வசனத்துக்கும்தான் உண்டு. ஆகவே முதலில் கதையை எழுது. பாத்திரங்களை எல்லாக் கோணத்திலும் வரைந்து தேதி போடு. மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் பதிப்புரிமையைத் தானாக முன்வந்து அறிவித்துக்கொள்ளும் வசதி 2012இலிருந்து இருக்கிறது. அதைச் செய்துவிட்டு, பிறகு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

அதற்காக வேலையை விட்டுவிடாதே. இதை உன் அப்பா சொன்னால் கோபப்படுவாய், நான் சொன்னால் கேட்பாய் என்று நம்புகிறேன். ‘ஸ்பாஞ்ச்பாப்’பை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் கடல் உயிரியல் கற்பித்த ஆசிரியர். மாணவர்களுக்காகக் கடலோரக் குட்டைகளின் உயிரினங்களை வைத்து ஒரு சித்திரக்கதை வரைந்தார். அதைத் தூக்கிக்கொண்டு நேரே தொலைக்காட்சிக்கு ஓடவில்லை. அனிமேஷன் படித்தார்; இன்னொருவர் உருவாக்கிய தொடரில் இயக்குநராக வேலை பார்த்தார். அவருடைய கடற்பஞ்சு திரைக்கு வந்தது 1999இல்.

அடுத்தவர் தொடரில் என்ன கற்கலாம் என்கிறாயா? பதினொரு நிமிட அத்தியாயம், நம் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 படம் என்றால், 16,500 படங்கள். அவற்றில் ஒன்றைக்கூட இயக்குநர் தன் கையால் வரையாமல் இருக்கலாம். ஆனால் காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டிலிருந்து கடைசி ஒலிக்கலவை வரை ஒவ்வொன்றையும் பற்றி ‘இது போதும்’, ‘இது போதாது’ என்று சொல்ல வேண்டியவர் அவர். குரல் பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்தது. அனிமேஷனில் பெரும்பாலும் குரல்தான் முதலில், படம் பிறகு. நல்ல இயக்குநர் படமே இல்லாத காட்சியைக் காதால் பார்க்கிறார். “பாட்டி இன்னும் நான்கு படி ஏறட்டும், அப்புறம் திட்டட்டும்” என்கிறார். சுமாரானவர் “இன்னொரு முறை, கொஞ்சம் நன்றாக” என்கிறார். ‘நன்றாக’ என்றால் என்ன என்று குரல் கலைஞர் என்னைப் பார்ப்பார். அந்தக் காதை உன் சம்பளத்திலேயே வளர்த்துக்கொள். பாத்திரங்கள் அசைய எலும்புக்கூடு பூட்டும் ரிக்கிங் மேசையை விட்டு ஸ்டோரிபோர்டு பிரிவுக்கு மாற்றம் கேள். இயக்குநர் நாற்காலிக்கு அங்கிருந்துதான் வழி பக்கம்.

நம்மவர்களுக்கு இந்தத் துறையில் என்ன இருக்கிறது என்று உன் அப்பா கேட்டாராம். இந்த நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படமான ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’, அரசுத் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் 1978இல் உருவாகி 1983இல் ஒளிபரப்பானது. செய்தவர் பெயர் ஆனந்தம் சேவியர். கேலிச்சித்திரக்காரர் லாட்டின் ‘கம்போங் பாய்’ அனிமேஷன் தொடருக்குப் பின்னால் நின்றவர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்த தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன். அதன் ஓர் அத்தியாயம் 1999இல் பிரான்சின் அன்னெசி அனிமேஷன் விழாவில் பரிசு வாங்கியது. என் அண்ணனிடம் இதைக் காட்டு. பதில் வராது.

சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வா. வேலை ஒப்பந்தத்தை எடுத்து வா, முக்கியமாக அந்தக் கடைசிப் பக்கங்களை. தெரிந்த வழக்கறிஞர் ஒருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். கட்டணமாகச் சித்தியின் மீன் குழம்பு கேட்டிருக்கிறார். இன்னொன்று: குரங்கின் வால் மிக நீளம். 16,500 படத்திலும் அது ஆட வேண்டும். பாதியாக்கு.

உன் சித்தப்பா
கோலாலம்பூர்