சுவர் காயட்டும், முருகேசா

மயிலாப்பூர்
தை கடைசி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா? சின்னவன் கல்லூரியில் சேர்ந்ததை மாஸ்டர் சொன்னார், ரொம்ப சந்தோஷம். அவனுக்கும் உன் கையெழுத்து வாய்த்திருக்கிறதாமே, அந்தக் கொம்பு உட்பட!

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன பாலித்தீன் உறை வைத்திருக்கிறேன். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெயிண்ட் சில்லு இருக்கும். குப்பை என்று போட்டுவிடாதே. அது மீன்காரம்மாவின் கன்னம். ஆமாம், சுவரில் மூன்று மாடி உயரத்துக்கு வரைந்திருந்த அதே முகம்தான். நீ போன தடவை வந்தபோது எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து அரைமணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாயே, அந்த முகம். ஐப்பசி மழையில் கன்னத்தில் கொப்புளம் கிளம்பியது. மார்கழியில் கொப்புளம் வெடித்தது. பொங்கலுக்குள் தாடைவரை தரைக்கு வந்துவிட்டது. வரைந்து மூன்றாவது மழைக்காலம்தான் இது.

சில்லைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார். வெள்ளையாக மாவு ஒட்டும். அது பழைய சுண்ணாம்பு. யாரும் அதைச் சுரண்டவில்லை. அதன் மேலேயே குழி நிரப்புகிற புட்டி, அதன் மேல் நிறம் பிடிக்க அடிக்கிற பிரைமர், அதற்கு மேல் இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு, எமல்ஷன் பெயிண்ட், கடைசியில் மஞ்சள். ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் அத்தனை அடுக்கும் தெரியும். எமல்ஷன் என்பது காயக் காய இறுகுகிற தோல். அந்தத் தோல் மாவைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் சுவரில் தொங்கும்? பின்னாலிருந்து ஈரம் தள்ளியதும் மொத்தமாகக் கழன்றுகொண்டது. படத்தில் ஒரு குறையும் இல்லை, முருகேசா. வரைந்த பிள்ளைகள் உயிரைக் கொடுத்து வரைந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சுவரைத் தயார்செய்ய இரண்டே நாள் கொடுத்திருக்கிறார்கள். திறப்பு விழாத் தேதி முன்கூட்டியே குறித்தாகிவிட்டதாம். இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வியாசர்பாடிக் குடியிருப்புச் சுவரை நீ ஒத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். முப்பது அடி அகலம், நாற்பது அடி உயரம். மாசியில் ஆரம்பிக்கப் போகிறாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்று சென்னையில் சுவரோவியம் என்றால் எல்லோரும் கண்ணகி நகரைத்தான் காட்டுகிறார்கள். காட்ட வேண்டியதுதான். நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ‘கண்ணகி நகர்’ என்று விலாசம் சொன்னாலே வேலை தர யோசித்தார்கள். அங்கே 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயிண்ட்ஸ், மாநகராட்சி மூன்று பேரும் சேர்ந்து பெரிய பெரிய சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தார்கள். நம்ம ஊர் ஓவியர் ஏ-கில் அந்தப் பகுதிப் பிள்ளைகளின் முகத்தையே வரைந்தார். அடுத்த வருஷம் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் வெளிச்சுவர் முழுக்க முகங்கள். எச்ஐவி பற்றிய ஒதுக்கலை எதிர்த்து வரைந்தது. ராஜீவ் காந்தி சாலையில் போகிறவன் பார்க்காமல் தாண்ட முடியாது. அதற்கும் முன்னால், 2010 வாக்கில், அண்ணா சாலையில் போஸ்டரைத் தடைசெய்து மாநகராட்சி கோயிலும் கும்மியும் ஜல்லிக்கட்டுமாக வரைய வைத்ததே, அது உனக்கே தெரியும். நம் பெரியவர்கள் பலருக்கு ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கிடைத்த கடைசிப் பெரிய வேலை அது.

ஆனால் அந்தப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்த ஒன்று இப்போது வருகிறவர்களின் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் கவலை. கட்சிச் சுவர் எழுத்தை நினைத்துப் பார். இரவோடு இரவாக எழுதிய எழுத்து. பத்து வருஷம் கழித்தும் ரயில்வே மதில்களில், கட்சிக்காரர்கள் சுவரைப் பிடித்துவைக்க எழுதிய ‘ரிசர்வ்’ என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு வருஷமும் மங்கலாகத் தெரியும். அது மங்கியிருக்கும், கரைந்திருக்கும், ஆனால் உரிந்திருக்காது. ஏன்? கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே தொட்டியில் நீற்றி, கொதி அடங்கிய பிறகு துணியில் வடிகட்டி, கஞ்சியோ வஜ்ரப் பசையோ சேர்த்து, சுவரை நனைத்துவிட்டுத் தாழை விழுது மட்டையால் அடிப்பார்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. சுவரோடு சேர்ந்த கல். ஈரம் உள்ளே போகும், வெளியே வரும், அது பாட்டுக்கு மூச்சு விடும். அந்தக் காரத்துக்குத் தாங்கும் நிறம் நாலைந்துதான்: காவி, மஞ்சள் காவி, கரி, நீலம். அந்த நாலை வைத்துக்கொண்டுதான் ஐந்தடி ‘ழ’வை நூல் அடித்து ஒரே மூச்சில் இழுத்தார்கள். ராயப்பேட்டைப் பெரியவர் சுழியை முடிக்கும்போது கை மேலே போகும், தெரியுமே உனக்கு.

உன்னைச் சுண்ணாம்பில் வரையச் சொல்லவில்லை. முகத்துக்கும் தோல் நிறத்துக்கும் நாலு நிறம் போதாது, எமல்ஷன்தான் வேண்டும். அப்படியானால் சுவரிடம் முதலில் கேட்டுவிடு.

முதல் நாள் பெயிண்டைத் தொடாதே. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு இடத்தில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி விட்டுவிடு. கீழே ஒன்று, கழிவறைக் குழாய் பக்கத்தில் ஒன்று, சன்ஷேடு அடியில் ஒன்று, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஒன்று. மறுநாள் பார். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் மேலே போகாதே. குடியிருப்புகளில் பத்துக்கு எட்டு இடம் பின்பக்கக் கழிவுக் குழாய் மூட்டுதான். ஏசி தண்ணீர்க் குழாயைச் சுவரோரமாக விட்டிருப்பார்கள், அதையும் பார். கைப்பிடிச் சுவரின் தலையில் வெடிப்பு இருந்தால் மழை மேலிருந்து நேராக உள்ளே இறங்கும். இந்த மூன்றையும் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் சரிசெய்து தராமல் பிரைமர் டப்பாவைத் திறக்காதே. கெஞ்சினாலும் திறக்காதே.

அடுத்து கருப்புத் துணியால் தேய். மாவு ஒட்டினால் முழுச் சுவரையும் சுரண்ட வேண்டும். இரும்பு பிரஷ், புட்டி இழுக்கிற தகடு, பிறகு தண்ணீர் பீச்சிக் கழுவல். பாசியும் கருப்பும் உள்ள இடத்தில் பிளீச்சிங் தண்ணீர் அடித்து, அரைமணி ஊறவிட்டு, தேய்த்துக் கழுவு. உப்பு பூத்த இடத்தை மட்டும் கழுவாதே! அங்கேதான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய் அடுத்த மாதம் திரும்ப வரும். உலர்ந்த பிரஷால் தட்டித் துடைத்துக் கூட்டி எடுத்துவிடு. வாரம் கழித்து உப்பு மறுபடி எட்டிப் பார்த்தால் மறுபடி தட்டு. இந்த ஊரில் கடலோரமாகக் கட்டிய பல கட்டடங்களுக்கு உப்பு கலந்த போர்வெல் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். அது லேசில் அடங்காது.

எங்காவது புதிதாகச் சிமென்ட் பூசினால் இருபத்தெட்டு நாள் விடு. பச்சைப் பூச்சின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். புட்டி வேண்டுமானால் வெள்ளைச் சிமென்ட் புட்டி, அதுவும் கடுதாசி கனத்துக்கு, குழிகளில் மட்டும். வீட்டுக்குள் அடிக்கிற அக்ரிலிக் புட்டியை வெளியே போட்டால் ஒரே மழையில் ஊறிச் சாந்தாகும். மீன்காரம்மாவின் தாடையில் அதுதான் இருந்தது என்று சந்தேகப்படுகிறேன். சில்லில் நடு அடுக்கைப் பார், நகத்தால் கீறினாலே போகிறது.

அளவு கேட்டிருந்தாய். ஆயிரத்து இருநூறு சதுர அடி. வெளிச்சுவர் பிரைமர் ஒரு கைக்குப் பன்னிரண்டு லிட்டர் வைத்துக்கொள். அடி நிறம் இரண்டு கைக்கு, லிட்டருக்கு ஐம்பது சதுர அடி என்று போட்டால், இருபத்துநாலு லிட்டர். படத்துக்கான நிறங்கள் எல்லாம் சேர்த்துப் பதினைந்து லிட்டர். நிறத்தைக் கடை மெஷினிலேயே கலக்கச் சொல், அந்த நிறத்தின் நம்பரை டப்பா மூடியில் எழுதி வை. நிறம் கூட்டுகிற ஸ்டெய்னர் டியூப்பை நாமே பிழிந்து கலந்தால் அளவு மீறிவிடும், காயாமல் பிசுபிசுக்கும். முக்கியமாக, வெளிச்சுவருக்குத் தாங்கும் மஞ்சளும் சிவப்பும்தான் வேண்டும் என்று அடித்துச் சொல். மலிவான மஞ்சளும் ஆரஞ்சும் மேற்கு வெயிலில் ஒரே வருஷத்தில் வெளுத்து, நீலம் மட்டும் அப்படியே நிற்கும். அப்புறம் முகம் நோயாளி முகமாகிவிடும். காவி வகைச் சிவப்பு, கரிக் கருப்பு, தாலோ நீலம், தாலோ பச்சை, இவையெல்லாம் நிற்கும். தோல் நிறத்தைக் காவியிலிருந்தே எடு. ஃப்ளோரசென்ட் பக்கமே போகாதே.

ஸ்ப்ரே கேன் பைத்தியம் உனக்கு வந்திருக்கிறதாமே, மாஸ்டர் சொன்னார்! தாராளமாக வாங்கு. ஆனால் நானூறு மில்லி கேன் ஒன்று பதினைந்திலிருந்து இருபது சதுர அடிக்குத்தான் வரும். முழுச் சுவருக்கும் என்றால் அறுபதிலிருந்து எண்பது கேன், அது கட்டாது. உருளையும் பிரஷும் கொண்டு பெரிய பரப்புகளை முடித்துவிட்டு, கன்னத்து நிழல், கண் ஓரம், முடி இவற்றுக்கு மட்டும் கேன். இருபது போதும். அகலமாகப் பீச்சுகிற மூடி, மெல்லிசாகப் பீச்சுகிற மூடி இரண்டும் கூட வாங்கு. முடித்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்து, இல்லாவிட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். வெயிலில் வைக்காதே, ஐம்பது டிகிரிக்கு மேல் போனால் வெடிக்கும். சுவர் ஓரத்துத் தகரப்பெட்டி சித்திரையில் அதைச் சுலபமாகத் தாண்டும். துணி முகமூடி போதாது, கரி ஃபில்டர் வைத்த முகமூடி வேண்டும். கூட வரும் பையன்களுக்கும் வாங்கிக் கொடு.

படத்தைப் பெருக்க நம் பழைய கட்டம் என்றால் இரண்டடிக் கட்டம் முந்நூறு வரும். நூல் அடிக்கவே ஒரு நாள் போகும். இப்போதைய பிள்ளைகள் வேறு வழி செய்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்குகிறார்கள்: எழுத்து, வட்டம், பெயர், பூ, எதுவும். எதிரில் நின்று நேராகப் போட்டோ எடுத்து, அதன் மேல் படத்தைக் கண்ணாடிபோலப் போனில் படியவைக்கிறார்கள். சாரத்தில் நிற்கும்போது ‘மூக்கு நுனி அந்த ‘ம’வின் வளைவில், புருவம் அந்தப் பூவுக்கு மேலே’ என்று பார்த்து வரைகிறார்கள். சாரத்தில் மூக்கு முட்ட நிற்கிறவனுக்குக் கட்டமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கிறுக்கல் ஒவ்வொன்றும் வேறுவேறு, வழி தப்பாது. கிறுக்கலை வெளிர் நிறத்தில் போடச் சொல். கருப்பு என்றால் மஞ்சளுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

சாரம் சவுக்குக் கம்பு என்றால் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டச் சொல், கையை வீச இடம் வேண்டும். சாரம் கட்டச் சுவரில் ஓட்டை போட்ட இடங்களைக் கடைசியில் அடைத்து நிறம் தொட மறந்துவிடுகிறார்கள், தண்ணீர் இறங்க அதுவே வழி. இடுப்புக் கயிறு இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. இதில் நீயே முதல் குற்றவாளி. வேளச்சேரியில் பார்த்தது போதும், தயவுசெய்து கட்டிக்கொள்.

காலை ஆறிலிருந்து பத்து, மாலை நாலுக்கு மேல். உச்சி வெயிலில் சூடான சுவரில் எமல்ஷன் பரவுவதற்குள் காய்ந்து, உருளை விட்ட இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும். மாசியில் விடியற்காலை பனி இருக்கும், கையால் தொட்டுப் பார்த்து உலர்ந்த பிறகே தொடங்கு.

கீழ் நாலடியை மட்டும் படத்தில் சேர்க்காதே என்பது என் அபிப்பிராயம். பைக் சாய்ப்பார்கள், தரை ஈரம் அங்கேதான் ஏறும், தேர்தல் வந்தால் மைதா பசையில் மயில்துத்தம் கலந்து போஸ்டரும் அங்கேதான் ஒட்டுவார்கள். போஸ்டரைக் கிழித்தால் படமும் சேர்ந்து வரும். அந்த நாலடிக்குக் காவி கலந்த சுண்ணாம்பு அடித்துவிடு. வருஷா வருஷம் பொங்கலுக்குக் குடியிருப்புக்காரர்களே புதுப்பித்துக்கொள்ளலாம், அந்தச் சாக்கில் மேலே படத்தையும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

மேலே வார்னிஷ் அடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் முதல் மழை கடந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடு. உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் வார்னிஷுக்கு அடியில் பால் கொட்டியதுபோல வெளுத்துவிடும். அதைத் திருத்தவே முடியாது.

யார் முகத்தை வரையப் போகிறாய் என்று எழுதவே இல்லையே? அந்தக் குடியிருப்பில் கேட்டாயா? கேள்.

பாலித்தீன் தாள் நாலையும் மறுநாள் காலையில் பிரிப்பதற்கு முன் போட்டோ எடுத்து அனுப்பு. கழிவறைக் குழாய் பக்கத்துத் தாளைக் கிட்டத்தில் எடு.

அன்புடன்,
கண்ணன்