தெருவுக்கு ஒரு படகு

முடிச்சூர்,
சென்னை.

அன்புள்ள அந்தோணி,

நலம். வேளாங்கண்ணியில் பேத்திக்கு மொட்டை போட்ட படம் வந்தது. அச்சு அசல் உன் அம்மா! சித்ராவிடம் காட்டியபோது அவளும் அதையேதான் சொன்னாள். அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஆகவில்லை. பையன் பெங்களூரிலேயே வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான். வா வா என்கிறான், நான்தான் பிடி கொடுக்கவில்லை.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு படகு வாங்கப் போகிறோம். கடல் எங்கோ இருக்க, முடிச்சூரில் எதற்குடா படகு என்று நீ கேட்கமாட்டாய். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததை நீ கிட்ட இருந்து பார்த்தவன். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் எங்களை ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருந்தது. 2015 கதை உனக்குத் தெரியும். டிசம்பர் 1 தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., போதாததற்கு அடையாறு கரைமீறி ஊருக்குள் வந்தது. அப்போது கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் லாரியில் ஃபைபர் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்துதான் பலரை வெளியே எடுத்தார்கள். அவர்களுக்கு என்றைக்கும் நன்றி. ஆனால் கையில் குழந்தையோடு மொட்டை மாடியில் நின்று, யார் வருவார் என்று பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு பிழைப்பா? அதனால் வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டுப் பணம் சேர்த்தாயிற்று.

ஃபைபர் வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. தண்ணீருக்கடியில் கேட் கம்பி, காம்பவுண்டுச் சுவர், கார் கூரை என்று எதெதுவோ இருக்கும். ஃபைபர் விரிசல் விடும், ரப்பர் படகு கிழியும், அலுமினியம் பெரும்பாலும் நசுங்குவதோடு நின்றுவிடும். எந்த அலுமினியப் படகு என்பதில்தான் இரண்டு மாதமாக இழுபறி.

ஒன்று அம்பத்தூரில் ஒரு பட்டறையில் செய்து தருவதாகச் சொல்வது. 14 அடி நீளம், 5 அடி அகலம், வி வடிவ அடிப்பாகம், 3 மி.மீ. தகடு, முழுக்க வெல்டிங். எடை 130 கிலோ வரும். இன்னொன்று காசிமேட்டில் ஒரு தரகர் காட்டிய பழைய படகு. 12 அடி, 4 அடி அகலம், தட்டையான அடிப்பாகம், ரிவெட் அடித்தது. காகிதத்தில் 60 கிலோ. இளவட்டங்கள் எல்லோரும் 14 அடி பக்கம். புதுசு, பெரிசு, பார்க்கவும் எடுப்பாக இருக்கிறது. நான் தட்டை அடி பக்கம். என்னோடு இருப்பது மூன்றாவது வீட்டு பாய் மட்டும்தான்.

என் வாதம் இதுதான். வி அடி அலையைப் பிளக்க வந்தது. உங்கள் ஊர்க் கடலுக்கு அது சரி. எங்கள் தெருவில் அலை ஏது? நாம் இன்ஜினை முறுக்கினால் நாமே கிளப்பும் அலைதான், அதுவும் அடுத்த வீட்டு வாசலுக்குள் போய் அடிக்கும். ஆற்றோரத்து இழுப்பு இருக்கும் இடத்துக்குப் போகத்தான் பெரிய படகு என்கிறார்கள். அந்த இழுப்பில் நாம் இறங்கவே கூடாது. அதற்கு அரக்கோணத்திலிருந்து பேரிடர் மீட்புப் படை வரட்டும். நம் வேலை உள்தெருவில் தேங்கிய தண்ணீரில் ஒரு பாட்டியையும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரையும் மெயின் ரோடு வரை கொண்டு சேர்ப்பது. பாட்டி ஜன்னல் திண்டிலிருந்து ஒரு காலைப் படகின் ஓரத்தில் வைப்பாள். வி அடி அந்தப் பக்கம் சட்டென்று சாயும். தட்டை அடி அவ்வளவு சாயாது. ஒரு சாண் தண்ணீர் இருந்தால் மிதந்துவிடும்.

ஆள் கணக்கையும் போட்டுக் காட்டினேன். அமெரிக்காவில் இந்த மாதிரிச் சின்னப் படகுகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுத்தால் எத்தனை பேர் ஏறலாம் என்று வரும். 12 அடிக்கு மூன்று பேர், 14 அடிக்கு நான்கு பேர். ஆக, 70 கிலோ எடையைக் கூடச் சுமந்து நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஆள். 60 கிலோவை நாலு பேர் தூக்கிச் சந்துக்குள் போய்விடலாம். 130 கிலோவுக்கு டிரெய்லர் வேண்டும், அன்றைக்குப் பார்த்து டிரெய்லரின் இரண்டு டயரும் காற்றில்லாமல் இருக்கும். இது நம் நாட்டு வழக்கம்.

ரிவெட் ஒழுகும் என்று பயமுறுத்தினார்கள். அதையும் பார்த்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போனோம். படகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதைவிட, தண்ணீரைப் படகில் விட்டுப் பார்ப்பது சுலபம். பழைய டயர்கள் மேல் படகை உட்காரவைத்து, உள்ளே நாலு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் பிடித்தேன். அதற்கு மேல் ஊற்றினால் அந்தப் பாரமே தகட்டை வளைத்துவிடும். வெளிப்பக்கத்தைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், சுத்தமாக இருந்தது. நடுப்பலகைக்கு நேர் கீழே ஒரு ரிவெட்டின் தலையைச் சுற்றி வியர்த்தது, துளி திரண்டது, விழுந்தது. பக்கத்திலேயே இன்னும் சில. எல்லாவற்றையும் சிவப்புச் சாக்கால் வட்டம் போட்டுவிட்டேன். ஒருவர் தலைப்பக்கம் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே தட்டினால் பாதி இறுகிவிடும், மீதியைப் பிடுங்கிப் புதிது அடிக்க வேண்டும். நாற்பது வருடம் ஃபிட்டராக இருந்தவனுக்கு இது ஒரு வேலையா? வெல்டிங் என்றால் ஒழுகாது, வாஸ்தவம். ஆனால் அலுமினியத்தில் பற்றவைத்த இடத்தை ஒட்டியுள்ள தகடு சூட்டில் பலம் இழந்துவிடும். விரிசல் விழுந்தால் அதைப் பற்றவைக்க நல்ல கை வேண்டும், அந்தக் கை மழைக்காலத்தில் கிடைக்காது.

எனக்கு உறுத்துவது வேறு. உட்காரும் பலகைக்கு அடியில் அடைத்திருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது. விரலால் அழுத்தினால் கசிகிறது. கவிழ்ந்தாலும் முழுகாமல் வைத்திருப்பது அதுதான் இல்லையா? தராசில் ஏற்றினோம், 74 கிலோ காட்டியது. தரகரிடம் இதைச் சொல்லி விலையை இறக்கியிருக்கிறேன். ஃபோமை முழுக்கப் பிடுங்கிவிட்டுப் புதிது போடாமல் யாரையும் ஏற்றக்கூடாது என்று சொல்லியாயிற்று.

அலுமினியத்தில் இன்னொரு சங்கடம், மின்சாரம். வெள்ளத் தண்ணீரே கடத்தும், படகும் கடத்தும். டிரான்ஸ்ஃபார்மரை அணைத்தாயிற்று என்று ஈ.பி.காரர் வாயால் சொன்ன பிறகுதான் படகு இறங்கும், படகு தண்ணீரில் இருக்கும் வரை வீட்டு இன்வெர்ட்டரையும் யாரும் போடக்கூடாது. இதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். இன்ஜின். 9.9 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் போதும் என்று நினைக்கிறேன், ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். 15 வேண்டும் என்று ஒரு கோஷ்டி. கொண்டுபோய் எங்கே ஓட்டுவார்களாம்? இன்ஜினை மாட்டும் பின்பலகையின் உயரம் 15 அங்குலம். அதற்குத் தரகர் 20 அங்குல நீளத்தண்டு இன்ஜின் ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார். ஐந்து அங்குலம் கூடுதலாகக் கீழே தொங்கினால் எங்கள் தெரு வேகத்தடையிலேயே விசிறி போய்விடும். குட்டைத்தண்டு பழையது ஏதாவது உன் கைக்கு வந்தால் சொல். விசிறியில் பிளாஸ்டிக் பை சுற்றுவதையாவது எடுத்துவிடலாம், குளிர்விக்கும் தண்ணீர் உறிஞ்சும் துளையைக் குப்பை அடைத்தால் இன்ஜினே வெந்துவிடுமே. அந்தத் தண்ணீர் ஓடுகிறது என்று காட்ட இன்ஜின் பின்னால் பீச்சும் மெல்லிய தண்ணீர்க் கோட்டின் மேல் ஒரு கண் வைக்க ஒரு பையனைத் தனியாக உட்காரவைக்கலாமா, அல்லது உள்தெருவில் இன்ஜினே வேண்டாம், கழி போட்டுத் தள்ளிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் மட்டும் இன்ஜினை இறக்கலாமா? உன் அனுபவத்தைச் சொல்.

அப்புறம் பெட்ரோல். வருடத்தில் 360 நாள் சும்மா கிடக்கப் போகிற இன்ஜின் இது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் தண்ணீராகப் பிரிந்துவிடும். டேங்கைக் காலியாக வைத்து, கார்புரேட்டர் வற்றும் வரை ஓட்டி நிறுத்தி, மாதம் ஒருமுறை டிரம்மில் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்ப்பதாக நான் பொறுப்பேற்றிருக்கிறேன். படகு பாய் வீட்டுக் கார் ஷெட்டில் கவிழ்த்து வைக்கப்படும். ஈரமான சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் கீழே மரக்கட்டை.

செலவுக் கணக்கு அடுத்த ஞாயிறு கூட்டத்தில் முடிவாகிறது. அதற்குள் போன் பண்ணு, மாலை ஆறுக்கு மேல் என்றால் பேச வசதி. நேரில் வந்து ஃபோம் விவகாரத்தை ஒரு பார்வை பார்த்தால் இன்னும் நல்லது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் தாம்பரத்தில் இறங்கிக்கொள், பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கம், எதுவானாலும் வண்டியோடு வந்து நிற்கிறேன். வரும்போது மக்ரூன் மறக்காதே, சித்ராவுக்குத் தெரியாமல் என் கையில் கொடு. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது.

மேரியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கோபால்