போனை ரிவியோடு இணைக்கலாம் என்று சொல்லி விற்றது தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உங்கள் திருகோணமலைக் கிளையில் ஒரு போனும், அதை ரிவியோடு இணைக்கவென்று ஒரு எச்டிஎம்ஐ கேபிளும் வாங்கினேன். ரிவியும் உங்களிடம் தவணைக்கு எடுத்ததுதான். போனில் வரும் வீடியோ ரிவியில் தெரிய வேண்டும், அதற்காகத்தான் வாங்குகிறேன் என்று தெளிவாகச் சொன்னேன். "ஓம் அன்ரி, குத்தினால் சரி" என்றார் விற்ற தம்பி. இன்றுவரை திரையில் 'சிக்னல் இல்லை' என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

ஹொட்லைனுக்கு எடுத்தால் தமிழுக்கு 2ஐ அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் பாட்டுத்தான். கடைசியில் கதைத்த ஒருவர், சார்ஜர் வயரை ரிவியின் யுஎஸ்பியில் குத்திப் பார்க்கச் சொன்னார். போனுக்குச் சார்ஜ் ஏறியது, அவ்வளவுதான். வைஃபையில் அனுப்புங்கள் என்றார் இன்னொருவர். அந்த ரிவியில் வைஃபையே இல்லை. விற்றவர்களுக்கு இது தெரியாதா?

அப்புறம்தான் ரிவியையும் கொண்டு வாருங்கள் என்றார்கள். 43 அங்குல ரிவியைப் பெட்சீற்றில் சுற்றி, மகன் பின்சீற்றில் அணைத்துப் பிடித்தபடி, நிலாவெளியிலிருந்து ஓட்டோவில் வந்தோம். ஒவ்வொரு குழியிலும் என் நெஞ்சு பதறியது. உங்கள் கவுண்டரில் இருந்தவர் அந்தப் பெட்சீற்றை அவிழ்க்கக்கூட இல்லை. தன் போனிலிருந்து தலை நிமிராமலே, "ரிவியில் பிழையில்லை, உங்களுக்குப் பாவிக்கத் தெரியவில்லை" என்றார். பக்கத்தில் சனம் நின்றது. என் மகன் வயதுதான் அவருக்கு.

பாவிக்கத் தெரியாதது யாருக்கு என்று பிறகு தெரிந்தது. பஸ் நிலையத்தடியில் போன் திருத்தும் பையன் ஒரே பார்வையில் சொல்லிவிட்டான். போனில் சார்ஜர் குத்துகிற டைப்-சி வாய் எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் எல்லாவற்றிலிருந்தும் படம் வெளியே வராதாம். போனில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற, அந்த வாயால் படத்தை வெளியே அனுப்பும் வசதி இருந்தால்தான் இந்தக் கேபிள் வேலை செய்யும். நீங்கள் விற்ற போனில் இருப்பது சார்ஜும் டேட்டாவும் மட்டும் போகிற யுஎஸ்பி 2.0. எந்த செட்டிங்ஸை மாற்றினாலும் வராது. இவ்வளவு பெரிய கம்பனியில் இதைச் சொல்ல ஒருவர்கூட இல்லையா?

கனடாவில் என் பேத்தியின் கலியாணம் நேரலையில் போனது. அம்மாவுக்கு 84 வயது, கண் மங்கல், சின்னத் திரை தெரியாது. தாலி கட்டும் நேரம் "எங்கே, எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. அந்த நாளை இனி யார் தருவது? எத்தனை லட்சம் தந்தாலும் ஈடாகாது.

உங்கள் கடையில் பல வருடமாகச் சாமான் எடுக்கிறோம், தவணை ஒன்றும் பிந்தியதில்லை. அதனால் தன்மையாகவே கேட்கிறேன். கேபிளின் காசையும் ஓட்டோக் கூலியையும் திருப்பித் தாருங்கள். போனை, படம் வெளியே விடக்கூடிய ஒன்றாக மாற்றித் தாருங்கள். அந்தக் கவுண்டர்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை நான் விடமாட்டேன். பதில் எழுத்தில் வேண்டும், ஹொட்லைனில் இனிக் கதைக்க மாட்டேன்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவித்து, எழுத்திலும் முறைப்பாடு கொடுப்பேன். பொய் சொல்லிப் பொருள் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பற்றுச்சீட்டுகளின் படங்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நிலாவெளி வாடிக்கையாளர்