கஞ்சியோடு பதிலையும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்துக்கு இது மறுமொழி. 2009இல் போரின் கடைசி நாட்களில் செத்தவர்களை நினைவுகூர மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் நிற்கிறவர்களில் இளவயதுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், அவர்களில் பாதிப் பேர் 2009இல் பிறக்கவே இல்லை, பார்க்காத சாவுக்கு அழுவது நடிப்பு, படம் எடுத்து முகநூலில் போடத்தான் வருகிறார்கள் என்பது அவருடைய குறை.

படம் எடுக்கிறார்கள்தான். எடுக்கட்டும். கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் நாங்கள் எல்லாரும் எடுக்கிறோம். ஆனால் "பார்க்காத சாவு" என்ற சொல்லை என்னால் விட்டுவிட முடியவில்லை. 2009 மே மாதம் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) பிறந்த பிள்ளைகள் இப்போது சாதாரண தரப் பரீட்சை வயதைத் தாண்டி நிற்கிறார்கள். எத்தனையோ பேர் தவழப் பழகியது செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில், முள்ளுக்கம்பிக்கு உள்ளே. அம்மாவின் முதுகில் இன்னும் எடுக்காத செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. மழைக்குளிர் வந்தால் அது குத்துகிறது என்று அவ சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. சுவரில் மாலை போட்ட படத்தில் இருக்கிறவரைப் பெரியப்பா என்று கூப்பிடப் பழக்கப்பட்ட பிள்ளை. இவர்களிடம் போய் நீ பார்க்கவில்லை, அழாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

இன்னொன்று. நினைவேந்தலை இந்த அளவுக்குக் காப்பாற்றி வைத்ததே இவர்கள்தான். 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது, இரவோடு இரவாக வாசலில் வந்து குந்தியவர்கள் மாணவர்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜனவரி 11 அன்று துணைவேந்தரே வந்து மறுபடியும் அடிக்கல் வைக்க வேண்டியதாயிற்று. 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில் நினைவுக் கஞ்சி கொடுத்ததற்காகப் பொலிஸார் இரவில் வீடு தேடி வந்து கைது செய்தார்களே, அதில் ஒரு பல்கலைக்கழக மாணவியும் இருந்தார். கஞ்சிக்காகச் சிறைக்குப் போன பிள்ளையை நடிக்கிறது என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சரி, கஞ்சிக்கு வருகிறேன். மே 12 தொடங்கினால் சந்திக்குச் சந்தி பெரிய சட்டி வைத்துக் காய்ச்சுகிறார்கள். அரிசியும் தண்ணீரும், இருந்தால் உப்பும். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இப்போது சில இடங்களில் தேங்காய்ப்பால் விடுகிறார்கள். வெறுங்கஞ்சியாகவே கொடுக்கவேண்டும், அப்போதுதான் விளங்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கோஷ்டி சண்டை பிடிக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். சிரட்டையை வாங்கிக் குடிக்கிற பிள்ளை "ஏன் ரீச்சர் கஞ்சிக்கு வரிசையில் நின்றீங்கள்?" என்று கேட்கும்போது பக்கத்தில் நிற்கிற பெரியவர் வாய் திறக்கிறாரா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். பெரும்பாலும் திறப்பதில்லை.

என் கவலை எல்லாம் இதில்தான். பிள்ளைகள் அழ வருகிறார்கள், நாங்கள் அவர்களுக்குச் சுடரைக் கையில் கொடுக்கிறோம், பிரகடனம் வாசிக்கிறோம், வீட்டுக்கு அனுப்புகிறோம். பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டி இந்தக் கதையை அவர்கள் அறிய வழியில்லை. மிச்சம் இருப்பது கைத்தொலைபேசியில் ஓடுகிற காணொளிகள். அதில் வருவது இசை போட்ட சோகம், இல்லாவிட்டால் இசை போட்ட வீரம். அந்த வரிசை எங்கே நின்றது, யார் நின்றார்கள், செல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அதில் ஒருவரும் சொல்வதில்லை.

என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் இடத்தோடும் திகதியோடும்தான் சொல்வது. 2009 ஜனவரியில் அரசாங்கம் முதலாவது பாதுகாப்பு வலயத்தைச் சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பக்கம் அறிவித்தது. சனம் அங்கே போனது. அங்கேயும் செல் விழுந்தது. அந்த மாதக் கடைசியிலும் பெப்ரவரித் தொடக்கத்திலும் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி திரும்பத் திரும்ப அடிபட்டது. பெப்ரவரியில் இரண்டாவது வலயம்: புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மாரும் குழந்தைகளும் செல்லடியில் செத்தார்கள். இது ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கையிலும் இருக்கிறது. மே மாதத்தில் மூன்றாவது வலயம் என்று இன்னும் சின்னதாக ஒரு துண்டு. அப்புறம் வட்டுவாகல் பாலம், அதைத் தாண்டித்தான் சனம் ஆமியின் பக்கம் வந்தது.

இதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். வந்தே தீரும். "அப்ப ஏன் முன்னமே வெளியே வரேல்லை?"

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் பேச்சை மாற்றுகிறார்கள். ஆமி செல்லடித்ததைச் சொல்கிற வாய், இயக்கம் (விடுதலைப் புலிகள்) சனத்தைப் போகவிடாமல் மறித்ததையும், போக வெளிக்கிட்டவர்களைச் சுட்டதையும், கடைசி நேரத்தில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதையும் சொல்லத் தயங்குகிறது. சொன்னால் எதிரிக்கு வசதியாகிவிடும் என்று பயம். மேலே சொன்ன அதே நிபுணர் குழு இரண்டு பக்கத்தையும்தான் எழுதியது. சாவில் பெரும்பகுதி அரசாங்கத்தின் செல்லடியால் வந்தது என்றும் எழுதியது. ஒன்றைச் சொல்வதால் மற்றது அழிந்துபோவதில்லை. பங்கருக்குள் ஒளித்து வைத்திருந்த மகனை இழுத்துப் போகவிட்டு, இரண்டு கிழமையில் மகளைச் செல்லுக்குக் கொடுத்த தாய் எங்கள் கிராமத்தில் இருக்கிறா. அவவின் துக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் மே 18க்குக் கொண்டு வா என்று சொல்ல முடியுமா? பிள்ளைகளுக்கு இதைத் தாங்குகிற தைரியம் இருக்கிறது. எங்களுக்குத்தான் குறைவு.

எண்ணிக்கையும் அப்படியே கிடக்கிறது. நிபுணர் குழு 2011இல் 40,000 வரை இருக்கலாம் என்றது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை வேறு விதமாகக் கேட்டார்: 2008 ஒக்டோபரில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்குப்படி வன்னியில் 429,059 பேர், அரசாங்கக் கட்டுப்பாட்டுக்குள் வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர், மிச்சம் 146,679 பேர் எங்கே? ஆயர் 2021இல் காலமாகிவிட்டார். கேள்விக்குப் பதில் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்த தாய்மாரிலும் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். மேடையில் பேசுகிறவர்கள் இந்த எண்களில் பெரியதை எடுத்து முழங்குகிறார்கள். ஒரு கிராமத்துக்காவது முழுப் பெயர்ப்பட்டியல் அவர்கள் கையில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

தெற்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது ஆட்சியில் இருக்கிற ஜே.வி.பி. கட்சி ஒவ்வொரு நவம்பர் 13ஆம் திகதியும் தன் தலைவரையும் 1971இலும் 1987–89இலும் நடந்த கிளர்ச்சிகளில் செத்த தோழர்களையும் நினைவுகூருகிறது. அதில் யாரும் குற்றம் காண்பதில்லை, காணவும் கூடாது. அந்தக் கட்சியின் இளம் உறுப்பினர் ஒருவருக்கு, சம்பூரில் கஞ்சி காய்ச்சிய பிள்ளையின் மனம் விளங்காமல் போக நியாயமே இல்லை. 2022 மே 18 அன்று கொழும்பில் அரசாங்கத்துக்கு எதிராக நடந்த காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் சிங்கள இளைஞர்களும் நின்று முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்தார்கள். இரண்டே மாதத்தில் அந்தக் களம் கலைக்கப்பட்டது, அது வேறு கதை. அந்தக் கஞ்சியை வாங்கியவர்களில் சிலராவது கேள்வி கேட்டிருப்பார்கள். கொழும்பில் அதற்குப் பதில் சொல்ல எத்தனை பேர் இருந்தார்களோ.

உங்கள் பத்திரிகையிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மே மாதம் வந்தால் பக்கம் பக்கமாகக் கவிதை போடுகிறீர்கள். இரத்தம், கடல், சிவப்பு, விதை என்று எல்லாக் கவிதையிலும் அதே சொற்கள்தான் வருகின்றன. அதில் ஒரு பக்கத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவரவர் கிராமத்தில் ஐந்து வீட்டுக்குப் போய்ச் செத்தவர், காணாமல் போனவர் பெயரை எழுதி வரட்டும்: பெயர், வயது, ஊர், எந்த இடத்தில், எந்தத் திகதியில், யார் பார்த்தது. தெரியாததை வெற்றிடமாக விடட்டும். முக்கியமாக, அம்மம்மா சொல்வதை இடையில் மறித்துத் திருத்தாமல் தொலைபேசியில் பதிந்துகொள்ளட்டும். அம்மம்மாமார் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்து வருடம் பொறுப்பதற்கு இடமில்லை. ஆள் அடையாளத்தால் யாருக்காவது சிக்கல் வரும் என்றால் சொன்னவர் பெயரை மறைத்துவிட்டு இறந்தவர் பெயரை மட்டும் போடுங்கள்.

சென்ற வாரம் எழுதிய வாசகரும் இந்த மண்ணில் இருந்தவர்தான் என்று அவர் எழுத்திலேயே தெரிகிறது. அவர் வீட்டுக்கும் ஒரு பிள்ளையை அனுப்பலாம். நடிக்க வந்ததா, கேட்க வந்ததா என்று நேரிலேயே பார்த்துக்கொள்வார்.

எங்கள் வீட்டுப் பெயர்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு திகதிகள் சரியாகத் தெரியாது, அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. இடம் இருந்தால் போடுங்கள். மொழிநடையைத் திருத்த வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
புதுக்குடியிருப்பு