இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள்.

அப்புறம், எட்டாம் வகுப்பு கிளிக்கர் விஷயம்.

அறிவியல் பாடவேளையில் திரையில் கேள்வி வரும். பிள்ளைகள் கையில் உள்ள கிளிக்கரில் ஏ, பி, சி, டி என்று ஒரு பொத்தானை அழுத்துவார்கள். எந்தக் கருவியிலிருந்து எந்தப் பதில் வந்தது என்பது ஆசிரியரின் கணினியில் பதிவாகும். பருவத்தில் அதுவரை சேர்ந்த பதிவுகளை ரோல் நம்பர்படி ஒன்றாக்கி ஒரே தாளாக அனுப்பியிருந்தோம். அன்று மாலையிலிருந்து அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை.

"ஒரு நாள் நூறு, ஒரு நாள் நாற்பது. சராசரி எழுபதுதானே, ஏன் 52 போட்டிருக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் நாள் கேட்டது 5 கேள்விகள், ஐந்தும் சரி. அடுத்த நாள் 20 கேள்விகள், 8 சரி. ஆக 25-க்கு 13. அதுதான் 52 சதவீதம். பிள்ளை வராத நாளின் கட்டம் காலியாக இருக்கும், அது கணக்கில் சேராது. சில கேள்விகளை இரண்டு முறை கேட்கிறோம்: முதலில் தனியாக, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு. ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரவலாக்கிய முறை இது. தாளில் இருப்பது முதல் பதில் மட்டும். இரண்டையும் கலந்தால், பேசியதால் பிள்ளைக்கு என்ன புரிந்தது என்பது ஆசிரியருக்கே தெரியாமல் போய்விடும்.

சரி, கணக்கு இதுதான். என் கவலை வேறு.

அந்தத் தாளைச் சிலர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, யார் பிள்ளை மேலே, யார் பிள்ளை கீழே என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்த வகுப்புகளின் பதிவில் இரண்டு ரோல் நம்பர்கள் அப்படியே ஒத்துப்போகின்றன. சரியான பதில்கள் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. தவறான பதில்களும் வரிசையாக ஒத்துப்போகுமா? பின் பெஞ்சில் ஒரு மாணவர் இரண்டு கையிலும் இரண்டு கிளிக்கர் வைத்திருந்ததை ஆசிரியர் பார்த்தார். கேட்டதற்கு, "தப்பா அழுத்தினா இவனை வீட்ல திட்டுவாங்க மிஸ்" என்று பதில் வந்தது.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி ஒருவரின் கிளிக்கரை இன்னொருவர் அழுத்தினால் இருவரின் அன்றைய பதிவும் நீக்கப்படும். இரு வீட்டுப் பெற்றோரும் நேரில் வர வேண்டியிருக்கும். மற்ற பிள்ளைகளின் பெயருள்ள எந்தத் தாளையும் குழுவில் பகிரக் கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது.

கிளிக்கர் பதில் எதுவும் பருவ மதிப்பெண்ணில் சேர்வதில்லை. வகுப்பில் பாதிப் பேர் தவறாக அழுத்தினால், அந்தப் பாடத்தை மறுநாள் திரும்ப நடத்த வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பிள்ளைகள் தயங்காமல் தவறாக அழுத்தட்டும்.

நேரில் வந்து பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பெற்றோர்களுக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் அக்கறையால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுத முடிந்தது. அடுத்த பருவத் தாள் ஒட்டிய உறையில், பிள்ளைகள் கையில் வரும். சந்தேகம் இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் வகுப்பாசிரியரைப் பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்