அழித்த பிறகும் நிறைந்திருந்த டிஸ்க்

அன்பு மகனுக்கு,

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, ஃபைலை அழித்தும் சர்வர் டிஸ்க்கில் இடம் வரவில்லை என்று நீ போன் செய்தபோது விளக்கம் கேட்கும் நிலையில் நீ இல்லை. சர்வீஸை ரீஸ்டார்ட் செய் என்று மட்டும் சொன்னேன். செய்தாய், இடம் திரும்பி வந்தது, போனை வைத்துவிட்டாய். ஏன் வந்தது என்று தெரியாமல் விட்டால் அடுத்த தடவையும் என்னைத்தான் எழுப்புவாய். அதனால் எழுதுகிறேன். கட்டளைகளை நாம் வாயால் சொல்லிக்கொள்கிற மாதிரியே, மைனஸோடு சேர்த்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது நீ பார்த்துக்கொள்.

நடந்தது இதுதான். எவ்வளவு இடம் காலி என்று பார்க்க டிஎஃப் மைனஸ் எச் போட்டாய். டிஸ்க்கில் லாக் எல்லாம் இருக்கும் பகுதியான வார் பார்ட்டிஷன் 100 சதவீதம் நிறைந்திருந்தது. உன் புரோகிராம் நடப்பதைக் குறித்து வைக்கும் லாக் ஒன்று 40 ஜிபிக்கு வீங்கிக் கிடந்தது. அதை அழிக்க ஆர்எம் போட்டாய். மறுபடி டிஎஃப், அதே 100. டியூ போட்டுப் பார்த்தால் அந்த 40 ஜிபியைக் காணோம்.

இரண்டுமே பொய் சொல்லவில்லை. டியூ ஒவ்வொரு டைரக்டரியாக நுழைந்து, பெயர் உள்ள ஃபைல்களைக் கூட்டிச் சொல்கிறது. டிஎஃப், டிஸ்க்கில் எத்தனை பிளாக், அதாவது துண்டு, காலி என்று ஃபைல் சிஸ்டத்திடமே கேட்டுச் சொல்கிறது. லினக்ஸில் ஃபைல் என்பது அதன் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடும் அதன் பிளாக்குகளும்தான். பெயர் என்பது டைரக்டரியில் ஒரு வரி. ஆர்எம் அழிப்பது அந்த வரியைத்தான். வளவு வாசல் பலகையில் பெயரை அழித்துவிட்டால் குடியிருப்பவர் காலி செய்துவிட்டார் என்று ஆகுமா? உன் புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, பெயரில்லாத அதற்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தது. அது கையை விட்டதும்தான் லினக்ஸின் மையமான கெர்னல் இடத்தை எடுத்துக்கொண்டது.

இந்த மாதிரி ஆசாமிகளைக் கண்டுபிடிக்க எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல் 1. பெயர் போன பிறகும் திறந்திருக்கும் ஃபைல்களையும், அவற்றைப் பிடித்திருக்கும் பிராசஸின், அதாவது ஓடும் புரோகிராமின், எண்ணையும் காட்டும். அடுத்த முறை ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை ஆர்எம் செய்யாதே. ட்ரங்கேட் மைனஸ் எஸ் 0 என்று காலி செய். பெயரும் இருக்கும், இடமும் வரும். 100 சதவீதம் என்று காட்டிய பிறகும் ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, உன்னால் வேலை செய்ய முடிந்ததே, கவனித்தாயா? ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீதம் இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் நான் ஒளித்து வைத்த பணம் மாதிரி.

இன்னொன்றும் உனக்கு வரும். டிஎஃப் பாதி காலி என்று சொல்லும், ஆனால் டிஸ்க்கில் இடமில்லை என்று எர்ரர் வரும். அப்போது டிஎஃப் மைனஸ் ஐ போடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு வேண்டும், அதில் எத்தனை மிச்சம் என்று காட்டும். எங்கள் லேபில் பிஎச்பி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்து ஐநோடே தீர்ந்துபோனது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. நீ அரை நிமிஷத்தில் பார்க்கலாம்.

என்னுடைய பெரிய கண்டம் என்னவென்று உனக்குச் சொன்னதே இல்லை. குறித்த நேரத்தில் தானாக ஓடவேண்டிய வேலைகளின் பட்டியல்தான் கிரான்டேப். அதைத் திருத்த மைனஸ் ஈ. கீபோர்டில் ஈக்குப் பக்கத்து எழுத்து ஆர். மைனஸ் ஆர் போட்டால் மொத்தக் கிரான்டேபும் போய்விடும், நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காது. ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் விரல் தவறியது. பேக்கப் எல்லாம் அதில்தான் இருந்தது. நல்ல வேளை, அந்த வேலைகளை ஓட்டும் கிரான், தான் ஓட்டிய ஒவ்வொரு கட்டளையையும் நேரத்தோடு லாக்கில் எழுதி வைக்கும். லாக்கில் தேட கிரெப் போட்டு அந்த வரிகளை எடுத்து, எது எத்தனை மணிக்கு ஓடியது என்று பார்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டினேன். மாதம் ஒருமுறை ஓடும் வேலை ஒன்று மட்டும் விட்டுப்போனது. அது ஓடிய வாரத்து லாக் பழையதாகி, அதற்குள் சுழற்சியில் அழிந்து போயிருந்தது. அடுத்த மாதம் ஒருவர் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து கிரான்டேபைத் தொடும் முன் மைனஸ் எல் போட்டுப் பட்டியலை எடுத்து ஒரு ஃபைலில் சேமிக்காமல் நான் எதுவும் செய்ததில்லை.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கும். 2017 ஜனவரி 31 அன்று புரோகிராம் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போனது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது டேட்டாவின் நகல்தான் காப்பாற்றியது. அவர்கள் அதை மறைக்காமல் விவரமாக எழுதி வெளியிட்டார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. நீயும் நாலு டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறவன். அழிக்கும் முன் ஹோஸ்ட்நேம் என்று ஒருதரம் தட்டு, எந்த சர்வரில் இருக்கிறாய் என்று தெரியும். ஆர்எம்மில், எந்தப் பெயருக்கும் பொருந்தும் நட்சத்திரம் போடுவதாக இருந்தால் அதே நட்சத்திரத்தோடு முதலில் எல்எஸ் போட்டு, என்னென்ன வருகிறது என்று பார்.

அப்புறம், புரோகிராமை நிறுத்த கில் மைனஸ் 9 போடும் பழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வெறும் கில் போட்டால் 15 என்ற சிக்னல் போகும். புரோகிராம் எழுதியதை முடித்து, ஃபைலை மூடிவிட்டுக் கிளம்பும். 9 போட்டால் அதற்கு மூச்சுவிடவும் நேரம் கிடையாது. டேட்டாபேஸுக்கு அதைச் செய்யாதே. பத்து விநாடி பொறுத்துப் பார், போகாவிட்டால் அது ஏன் தொங்குகிறது என்று பார், அதற்குப் பிறகுதான் மற்றது.

பழைய லாக்குகளைச் சுழற்றி அழிக்கும் லாக்ரொட்டேட்டைச் சரி செய்யப்போவதாகச் சொன்னாய். மாற்றியதும் மைனஸ் டி போட்டு ஓட்டு. எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். அது சொல்வது புரியவில்லை என்றால் எனக்கு அனுப்பு. போன் செய்வதானால் பத்து மணிக்குள் செய், நேற்று அப்பாவும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா