பனிக்குச் செய்த டயர் கொழும்புக் காலி வீதிக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஐப்பசி மழையில் ஒருநாள் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வந்துகொண்டிருந்தேன். வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட மஞ்சள் கடவையில் ஓர் அம்மா மரக்கறிப் பையோடு இறங்கிவிட்டார். என் வேகம் 30 கிலோமீற்றர்கூட இராது. பிரேக்கை மிதித்தும் கார் வழுக்கிக்கொண்டே போய், அவருக்கு ஒரு சாண் முன்னால்தான் நின்றது. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

கராஜில் காட்டினேன். பிரேக்கில் பிழை இல்லை, டயரும் தேயவில்லை. அப்புறம் பஞ்சிகாவத்தையில் ஒரு டயர்க் கடைத் தம்பிதான் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது ஸ்டட்லெஸ். பனிக்குப் போடுறது" என்றார். டயரின் பக்கவாட்டில் அந்தச் சொல் ஆங்கிலத்தில் புடைத்து நின்றது. இத்தனை மாதமும் நான் அதை வாசிக்கவில்லை. ரப்பர்க் கட்டிகளில் சவர பிளேட்டால் கீறியதுபோல நெளிநெளியான வெட்டுகள். விரலால் அழுத்தினால் அமிழ்ந்தது. ஜப்பானில் பனியில் ஓடிய டயரோடேயே கார் கப்பலேறி வந்திருக்கிறது. விற்றவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

மொன்ட்றியலில் இருக்கும் மைத்துனரிடம் விசாரித்தேன். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டப்படி கட்டாயமாம். குளிர் விட்டதும் கழற்றிவிடுவாராம். 7 பாகைக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடி குறையும் என்பதால் பனி டயரை மென்மையான ரப்பரில் செய்கிறார்கள். கொழும்பிலோ பகலில் 30 பாகை, தார் அதைவிடச் சுடும். அந்தச் சூட்டில் கட்டிகள் இன்னும் இளகி, பிரேக் போடும்போது வளைந்து கொடுக்கின்றன. ஈர வீதியில் கார் நிற்க எடுக்கும் தூரம் கூடுகிறது. டயரும் கெதியில் தேய்கிறது. நுவரெலியாவுக்குப் போக உதவுமே என்றார் ஒரு நண்பர். தை மாத விடியலில் அங்கே புல்லில் உறைபனி படியலாம், வீதியில் பனி கொட்டுவதில்லையே!

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பவும் அனுமதித்த பின் ஜப்பான் கார்கள் நிறைய வருகின்றன. விற்பவர்கள் டயர் எந்த வகை என்று விற்பனைப் பத்திரத்தில் ஒரு வரி எழுதித் தர வேண்டும். அதிகாரிகள் இதைக் கட்டாயமாக்க வேண்டும். வாங்குகிறவர்களும் நிறத்தைப் பார்க்க முன் குனிந்து டயரைப் பாருங்கள். ஸ்டட்லெஸ் என்ற சொல்லோ, மூன்று முனை மலைக்குள் பனித்துகள் படமோ இருந்தால் மாற்றாமல் ஓட வேண்டாம். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் இலக்கத்தின் கடைசி நான்கையும் கவனியுங்கள். 4217 என்றால் 2017ஆம் ஆண்டின் 42ஆவது வாரம் செய்தது.

கழற்றிய நான்கையும் வாங்க அந்தக் கடையிலேயே ஒருவர் நின்றார். இன்னொரு காரில் ஏறும் என்பதால் நான் கொடுக்கவில்லை. தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகாமல் படிக்கட்டுக்குக் கீழே மூடி வைத்திருக்கிறேன். இவற்றை முறையாக அழிக்க எங்கே கொடுக்கலாம் என்று தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்